வரைகலை அட்டையும் ஒரு பெட்டி பனிக்கட்டியும்



தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டை முடித்து இடைநிலைப்பள்ளிக்குச் சென்ற நம் பிள்ளைகள் சிலரின் பேச்சில் ‘ஓவர்கிளாக்’ என்னும் சொல் அடிக்கடி அடிபடுகிறது. பையன்கள் இருவர் சந்தித்தால், “உன் கார்டு எவ்வளவு ஏறுது?” என்று கேட்டுக்கொள்கிறார்கள். பெற்றோருக்கு இது புரிவதில்லை. ஏதோ கணினி விளையாட்டுப் பைத்தியம் என்று சிலர் ஒதுக்கிவிடுகிறார்கள். இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பொருளைத் தானே கெடுத்துக்கொள்கிறானே என்று சிலர் வருந்துகிறார்கள். ஆசிரியர்களாகிய நாமும் “போய்ப் படிக்கிற வேலையைப் பார்” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

இதைப் பற்றி ஓர் இடுகை எழுத வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். இந்த விளையாட்டுக்குள் நல்ல அறிவியல் பாடம் ஒன்று இருக்கிறது. உயிருக்கே கேடு வரக்கூடிய இடம் ஒன்றும் இருக்கிறது. இரண்டையும் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். கணினித் துறை எனக்குத் தொழில் அன்று. தமிழ்ப்பள்ளி ஆசிரியனுக்குத் தெரிந்த அறிவியலைக் கொண்டு, எளிய கணக்குகளோடு விளக்க முயல்கிறேன்.

மிகைவேகம் என்றால் என்ன?

கணினித் திரையில் படத்தை உருவாக்கிக் காட்டும் பகுதியை வரைகலை அட்டை என்கிறோம். கடையில் கிராபிக்ஸ் கார்டு என்று கேட்டால்தான் கிடைக்கும்! உயர்தர அட்டையின் நடுவே உள்ள சில்லு ஓர் அஞ்சல்தலை அளவுதான் இருக்கும். என்விடியா நிறுவனம் 2020-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆர்.டி.எக்ஸ் 3080 என்னும் அட்டையின் சில்லுக்குள் 2,830 கோடி டிரான்சிஸ்டர்கள் உள்ளன. ஒவ்வொன்றும் திறந்து மூடும் ஒரு சிறு கதவு. அந்தக் கதவுகள் அனைத்தும் ஒரு தாளத்துக்குக் கட்டுப்பட்டு இயங்குகின்றன. அத்தாளத்தின் வேகமே அலைவெண். 3080 அட்டைக்கு நிறுவனம் குறித்துள்ள வேகம் 1,710 மெகாஹெர்ட்ஸ். அதாவது, நொடிக்கு 171 கோடி தாளம்.

பள்ளி விழாவில் கோலாட்டம் ஆடும் பிள்ளைகளை நினைத்துக்கொள்ளுங்கள். தாளத்தைச் சற்றே விரைவுபடுத்தினால் ஆட்டம் களைகட்டும். இன்னும் விரைவுபடுத்தினால் ஒரு பிள்ளையின் கை உரிய நேரத்துக்குள் எட்டாமல் கோல் தவறும். ஒரு கோல் தவறினால் வரிசையே குலையும். சில்லிலும் இதுவே நடக்கிறது. ஒரு தாளத்துக்குள் திறந்து முடிக்க வேண்டிய கதவு திறந்து முடியாவிட்டால் விடை பிழையாகும். திரையில் வண்ணப் புள்ளிகள் சிதறும். கணினி உறைந்து நிற்கும்.

ஆடும் பிள்ளைகளுக்கு ஊக்கம் கொடுத்தால் விரைந்த தாளத்துக்கும் ஈடுகொடுப்பார்கள் அல்லவா? சில்லுக்கு ஊக்கம் தருவது மின்னழுத்தம். அதைக் கூட்டினால் கதவுகள் விரைந்து திறக்கும். ஆக, அலைவெண்ணையும் மின்னழுத்தத்தையும் நிறுவனம் குறித்த அளவுக்கு மேல் உயர்த்தி, அதனால் எழும் வெப்பத்தை ஏதேனும் ஒரு வழியில் போக்குவதே மிகைவேகமாக்கல்.

நிறுவனம் குறித்த அளவுக்கு மேல் எப்படி ஓடும் என்று கேட்கலாம். ஒரே மரத்து டுரியான் பழங்கள் எல்லாம் ஒரே தரத்தில் இருப்பதில்லை. சில்லுகளும் அப்படியே. ஒரே தட்டில் உருவானவற்றுள்ளும் சில வலுவானவை, சில வலுக்குறைந்தவை. ஆலையில் அவற்றைச் சோதித்துத் தரம் பிரித்து, வலுக்குறைந்த சில்லும் தவறாமல் ஓடும்படி வேகத்தைக் குறிப்பார்கள். இந்தச் சோதனைத் தொழில் நமக்குப் புதிதன்று. இன்டெல் நிறுவனம் 1972-இலேயே பினாங்கில் சில்லுகளைப் பொருத்திச் சோதிக்கும் ஆலையைத் தொடங்கியது. அப்படிப்பட்ட ஆலைகளில் உழைத்த தாய்மார்கள் நம் சமூகத்திலும் இருக்கிறார்கள். 3080-இன் சில்லு சாம்சுங் நிறுவனத்திடம் உருவானது என்றாலும் தரம் பிரிக்கும் கோட்பாடு ஒன்றுதான். ஆலை பாதுகாப்புக்காக விட்டுவைத்த இடைவெளி எவ்வளவு என்று தேடிப் பார்ப்பதே நம் பையன்கள் செய்யும் வேலை.

பென்சிலால் செய்த வித்தை

ஆசிரியர்கள் வகுப்பில் சொல்லத்தக்க ஒரு செய்தி இது. 2000-ஆம் ஆண்டை ஒட்டி வந்த ஏ.எம்.டி நிறுவனத்தின் அத்லான், டியூரான் செயலிகள் சிலவற்றின் மேற்பரப்பில் மிகச்சிறிய இணைப்புப் பாலங்கள் இருந்தன. வேகத்தை யாரும் மாற்றக்கூடாது என்பதற்காக ஆலையில் அவற்றை வெட்டிவிடுவார்கள். வெட்டிய இடத்தில் சாதாரணப் பென்சிலால் ஒரு கோடு இழுத்தால் பாலம் மீண்டும் சேர்ந்துவிட்டது! பென்சிலில் இருப்பது காரீயம் அன்று. மின்சாரத்தைக் கடத்தும் கிராஃபைட். பின்னர் வந்த வரைகலை அட்டைகளிலும், குறிப்பிட்ட ஒரு மின்தடையின் மேல் பென்சிலால் தேய்த்து, அதன் தடையைக் குறைத்து, சில்லுக்குச் செல்லும் மின்னழுத்தத்தை உயர்த்தியவர்கள் உண்டு. எழுதுகோல் ஒன்று மின்சுற்றின் பகுதியாகும் விந்தையை இதைவிட எளிதாகப் பிள்ளைகளுக்குச் சொல்ல முடியுமா?

பிறகு நிறுவனங்கள் கதவைச் சாத்தத் தொடங்கின. 2012-இல் என்விடியாவின் கட்டுப்பாட்டால் இ.வி.ஜி.ஏ நிறுவனம் தன் ஜி.டி.எக்ஸ் 680 கிளாசிஃபைட் அட்டையிலிருந்து மின்னழுத்தக் கருவிக்கான இணைப்பையே நீக்கிவிட்டது. கூடுதல் மின்னழுத்தத்தால் அட்டைகள் எரிந்து திரும்பி வந்தால் அந்தச் செலவை யார் ஏற்பது என்பது நிறுவனத்தின் கவலை. காசு கொடுத்து வாங்கிய பொருளை எப்படிப் பயன்படுத்துவது என்பது என் உரிமை என்பது வாங்கியவரின் வாதம். இவ்வழக்கு இன்றும் தீரவில்லை.

வெப்பத்தின் கணக்கு

இந்த விளையாட்டின் உயிர்நாடி ஒரே ஒரு விதி. சில்லு இயங்கும்போது செலவாகும் மின்திறன் அலைவெண்ணுக்கு நேர்விகிதத்தில் கூடும். மின்னழுத்தத்துக்கோ அதன் இருமடி அளவில் கூடும். அலைவெண்ணை 10 விழுக்காடு உயர்த்தி, அதற்காக மின்னழுத்தத்தையும் 10 விழுக்காடு உயர்த்தினால் என்னவாகும்? 1.1 பெருக்கல் 1.1 பெருக்கல் 1.1. விடை 1.331. பத்து விழுக்காடு வேகத்துக்கு முப்பத்து மூன்று விழுக்காடு வெப்பம்! அதோடு, சூடு ஏற ஏறச் சில்லுக்குள் வீணாகக் கசியும் மின்னோட்டமும் கூடும். அது மேலும் சூட்டைக் கூட்டும்.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். 3080 அட்டைக்கு மொத்தம் 320 வாட். அதில் சில்லு மட்டும் ஏறத்தாழ 240 வாட் கொள்கிறது என்று வையுங்கள். சில்லின் மின்னழுத்தம் 1 வோல்ட்டை ஒட்டியது. அப்படியானால் சில்லுக்குள் பாயும் மின்னோட்டம் ஏறத்தாழ 240 ஆம்பியர். நம் வீட்டில் தண்ணீர்க் கொதிகலனைச் செருகும் செருகியில் உள்ள உருகிக்கு வகுக்கப்பட்ட அளவு 13 ஆம்பியர்தான். அஞ்சல்தலை அளவுள்ள இடத்தில் எவ்வளவு பெரிய ஆற்று வெள்ளம் ஓடுகிறது என்பதை எண்ணிப் பாருங்கள்.

பத்துமலைப் பையன் ஒருவன்

இனி என் அனுபவத்துக்கு வருகிறேன். பத்துமலை வட்டாரத்தில் வாழும் என் முன்னாள் மாணவன் ஒருவன், 2023-ஆம் ஆண்டில் ஐந்தாம் படிவம் படித்துக்கொண்டிருந்தான். தந்தையார் லோரி ஓட்டுநர். பையன் வார இறுதிகளில் ஒரு வாழையிலை உணவகத்தில் வேலை செய்து சேர்த்த பணத்தில் பழைய 3080 அட்டை ஒன்றை வாங்கினான். 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்னும் மின்னாணயம் வரைகலை அட்டைகளைக் கொண்டு ‘தோண்டும்’ முறையைக் கைவிட்டதும், அதுவரை இரவுபகலாக ஓடிய அட்டைகள் உலகெங்கும் பழைய பொருள் சந்தைக்கு வந்து குவிந்தன. அவற்றுள் ஒன்றுதான் இது. பத்துமலை நிலையத்தில் தொடர்வண்டி ஏறி, புக்கிட் பிந்தாங்கில் உள்ள லோ யாட் பிளாசாவுக்குச் சென்று வேண்டிய சிறு பொருள்களை வாங்கி வருவான்.

அவன் தந்தையார் என்னிடம் வந்து கேட்ட கேள்வியை அப்படியே தருகிறேன். “ஐயா, இவன் காசைக் கரியாக்குறானா, இல்ல உண்மையிலேயே எதையாவது கத்துக்கிறானா? எனக்குத் தெரியல. நீங்கதான் பாத்துச் சொல்லணும்.”

நேர்மையான கேள்வி. பையனை அழைத்து, “குறிப்பேடு வைத்திருக்கிறாயா?” என்று கேட்டேன். வைத்திருந்தான். அலைவெண், மின்னழுத்தம், வெப்பநிலை, சோதனையில் கிடைத்த மதிப்பெண் என நான்கு நிரல்கள். ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் மாற்றியிருந்தான். மற்றவற்றை அப்படியே விட்டிருந்தான். அறிவியல் பாடத்தில் மாறிகளைப் பற்றி நாம் தொண்டை வற்றக் கற்பிக்கிறோமே, அதை யாரும் சொல்லாமலே செய்திருந்தான். காசு கரியாகவில்லை என்று தந்தையாரிடம் அன்றே சொல்லிவிட்டேன்.

அவனுடைய அடுத்த திட்டம் என்னைச் சற்றுக் கலங்க வைத்தது. தான் எவ்வளவு மின்சாரம் கொள்கிறோம் என்பதை அட்டை சில சிறிய மின்தடைகளின் வழியாக அளந்துகொள்ளும். ஒவ்வொன்றும் 5 மில்லி ஓம். அளவு மிஞ்சினால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அந்த மின்தடையின் மேல் அதே அளவுள்ள இன்னொன்றைப் பற்றவைத்துவிட்டால் இரண்டும் இணைச் சுற்றாகி 2.5 மில்லி ஓம் ஆகும். அட்டை, ஓடும் மின்னோட்டத்தில் பாதிதான் ஓடுகிறது என்று நம்பிவிடும். தராசின் அடியில் புளியை ஒட்டி எடையை ஏமாற்றும் வணிகனைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இதுவும் அதுதான், ஏமாறுவது மட்டும் அட்டை.

“செய்யாதே” என்று நான் சொல்லவில்லை. “அப்படிச் செய்தால் கம்பிகளின் வழியே எவ்வளவு வாட் பாயும் என்று கணக்கிட்டுக் காட்டு” என்றேன். அவனுடைய அட்டைக்கு எட்டு முனை இணைப்புகள் இரண்டு. ஒவ்வொன்றுக்கும் வகுக்கப்பட்ட அளவு 150 வாட். தாய்ப்பலகை வழியாக 75 வாட். ஆக மொத்தம் 375. அட்டை 320 என்று நம்பும் வேளையில் உண்மையில் 640 வாட் வரை பாயக்கூடும். அவனே எழுதினான், அவனே பார்த்தான், பற்றுகோலை அவனே பெட்டிக்குள் வைத்துவிட்டான். பெரியவர் தடுத்து நிற்கும் பிள்ளைக்கும் கணக்குப் போட்டுப் பார்த்து நிற்கும் பிள்ளைக்கும் வேறுபாடு உண்டு.

குவளையின் வியர்வை

மின்னழுத்தத்தைக் கூட்ட வழியில்லை என்றதும் அவன் குளிர்ச்சியின் பக்கம் திரும்பினான். குளிர்ந்த சில்லில் கசிவு குறையும். அதே மின்னழுத்தத்தில் சற்றுக் கூடுதல் வேகத்தைத் தாங்கும். அட்டையின் விசிறிகளைக் கழற்றிவிட்டு, பழைய செப்புத் தண்ணீர்த் தொகுதி ஒன்றைச் சில்லின் மேல் பொருத்தினான். மீன்தொட்டிக்கு வைக்கும் நீரேற்றி ஒன்று. செலாயாங் மொத்தச் சந்தையில் மீன் வைக்கும் வெள்ளை நுரைப்பெட்டி ஒன்று. அது நிறையப் பனிக்கட்டியும் தண்ணீரும். செலவு குறைவு, அறிவு நிறைவு!

வேகம் உண்மையிலேயே கூடியது. முன்பு எட்டாத 2,100 மெகாஹெர்ட்ஸை அட்டை எட்டியது. ஆனால் கால் மணி நேரத்தில் குழாய்கள் வியர்க்கத் தொடங்கின. அட்டையின் பின்புறத்தில் முத்து முத்தாக நீர். பையன் மின்சாரத்தை அணைத்துவிட்டு, அட்டையைக் கழற்றி, இரண்டு நாள் விசிறிக் காற்றில் உலர்த்தினான். நல்லவேளை, பிழைத்துக்கொண்டது.

அந்த நீர் எங்கிருந்து வந்தது? வகுப்பில் ஒரு குவளை மைலோ ஐஸை வைத்து, வெளியே படியும் துளிகள் எங்கிருந்து வந்தன என்று கேட்டுப் பாருங்கள். கண்ணாடி வழியாகக் கசிந்து வந்தது என்று சொல்லும் பிள்ளைகள் எந்த ஆண்டும் இருப்பார்கள். பத்துமலையின் 272 படிகளை ஏறி, பெருங்குகைக்குள் நின்றால் தோளில் விழும் துளி, மேலே பெய்த மழை சுண்ணாம்புப் பாறையின் வழியே கசிந்து வந்தது. குவளையின் துளி அப்படிப்பட்டதன்று. அது காற்றிலிருந்த நீராவி குளிர்ந்த பரப்பில் பட்டு நீரானது. கோலாலம்பூர் வட்டாரத்தின் ஈரக்காற்றில், ஏறத்தாழ 24 பாகை செல்சியஸுக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பொருளும் வியர்க்கத் தொடங்கும். குளிர்காலத்தில் ஐரோப்பாவில் ஒருவன் தண்ணீரை 10 பாகைக்குக் குளிர்வித்தாலும் அவன் அட்டை உலர்ந்தே இருக்கக்கூடும். நமக்கு அந்த வாய்ப்பு இல்லை. இணையத்தில் யாரோ ஒருவர் செய்துகாட்டியதை நம் ஊரில் அப்படியே செய்ய முடியாததற்குக் காரணம் நம் காற்றுதான்.

நீராவி நீராகத் தொடங்கும் இந்த வெப்பநிலைக்கு என்ன தமிழ்ச்சொல் என்று பையன் கேட்டான். பனி என்னும் சொல்லுக்கு விடியலில் புல்லின் நுனியில் நிற்கும் துளி என்பதே நம் முன்னோர் கண்ட பொருள். ஆகவே ‘பனிநிலை’ என்று எழுதிக்கொள்ளச் சொன்னேன். மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதிய குறிப்பேட்டில் அன்று முதல் ஒரு தமிழ்ச்சொல்லும் ஏறியது.

கவனம்! நைட்ரஜன்

பெற்றோர்கள் இந்தப் பகுதியை மட்டுமாவது முழுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

இத்துறையின் உச்சியில் இருப்பவர்கள் திரவ நைட்ரஜனைப் பயன்படுத்துகிறார்கள். அதன் கொதிநிலை சுழியத்துக்குக் கீழே 196 பாகை. சில்லின் மேல் ஒரு செப்புக் குவளையைப் பொருத்தி, அதற்குள் நைட்ரஜனை ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். ஈரம் படியாமலிருக்க அட்டையெங்கும் வாசலின் பூசி, களிமண் போன்ற அழிப்பானால் இடைவெளிகளை அடைப்பார்கள். சில அட்டைகள் ஒரு குறிப்பிட்ட குளிருக்குக் கீழே இயங்கவே மறுத்துவிடும். இன்டெல் செயலி ஒன்று 9 கிகாஹெர்ட்ஸைத் தாண்டிய 2022-ஆம் ஆண்டுச் சாதனைக்கு நைட்ரஜனும் போதவில்லை. அதைவிடக் குளிர்ந்த திரவ ஹீலியம் தேவைப்பட்டது. சில நொடிகள் நிலைக்கும் ஓர் எண்ணுக்காக நடக்கும் பந்தயம் அது. பயிற்சி பெற்றவர்கள், திறந்த கூடங்களில் செய்வது.

நம் பையனுக்கும் அந்த ஆசை வந்தது. தெரிந்த அண்ணன் ஒருவர் 10 லிட்டர் கொண்டுவந்து தருவதாகச் சொல்லியிருந்தார். மாடியில் அவனுடைய அறையில் செய்வதாகத் திட்டம். குளிரூட்டி ஓடும் அறை. கதவும் சன்னலும் அடைத்திருக்கும். தந்தையார் என்னை அழைத்தார். மூவரும் வீட்டு முன்புறத்தில் அமர்ந்து கணக்குப் போட்டோம்.

ஒரு லிட்டர் திரவ நைட்ரஜன் ஆவியானால் ஏறத்தாழ 700 லிட்டர் வளியாகும். 500 வாட் வெப்பத்தைப் போக்க ஐந்து நிமிடத்துக்கு ஒரு லிட்டர் வேண்டும். பத்து லிட்டர் ஒரு மணி நேரத்துக்குள் தீர்ந்து 7,000 லிட்டர் நைட்ரஜன் வளியாக அறையை நிரப்பும். பத்தடிக்குப் பத்தடி, ஒன்பதடி உயரமுள்ள அறையின் கொள்ளளவு ஏறத்தாழ 25,500 லிட்டர். வெளியேற வழியின்றி அடைத்த அறையில் 21 விழுக்காடாக இருக்க வேண்டிய உயிர்வளி 16 விழுக்காட்டளவுக்கு இறங்கிவிடும். 19.5 விழுக்காட்டுக்குக் கீழே போனாலே உயிர்வளி பற்றாக்குறை என்று அமெரிக்கத் தொழிலகப் பாதுகாப்பு விதிகள் கணக்கிடுகின்றன. குளிர்ந்த வளி கனமானது, தரையோரமாகத் தேங்கும். தரையில் அமர்ந்து வேலை செய்பவனுக்கு அந்தச் சராசரியைவிடவும் குறைவாகவே கிடைக்கும்.

இதில் கொடியது ஒன்று உண்டு. நைட்ரஜனுக்கு நிறமில்லை, மணமில்லை. நாம் மூச்சுமுட்டுவதாக உணர்வது உடலில் கரியமில வளி சேர்வதால்தான். நைட்ரஜன் சூழ்ந்த அறையில் கரியமில வளி வழக்கம்போல் வெளியேறிக்கொண்டே இருக்கும். ஆகவே மூச்சுத் திணறல் தோன்றாமலே மயக்கம் வரும். காப்பாற்ற ஓடிச் செல்பவரும் அங்கேயே விழலாம்.

சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் துளிகள் உருண்டோடும் அல்லவா? தோலின் மேல் தெறிக்கும் நைட்ரஜனும் தன் ஆவியின் மேல் மிதந்து உருண்டோடிவிடும். அதைப் படமெடுத்துக் காட்டி, ஒன்றும் ஆகாது என்று சொல்பவர்கள் உண்டு. நம்பாதீர்கள். சட்டையிலோ துணிக் கையுறையிலோ ஊறிவிட்டால் உருண்டோட வழியில்லை; சதை உறைந்து புண்ணாகும். மூடியை இறுக அடைத்த புட்டியில் ஊற்றிவைத்தால் அது வெடிக்கும்.

கணக்கை முடித்த பையன் சற்று நேரம் பேசவில்லை. தந்தையார் அவன் தோளில் கைவைத்து, “வேணாம்ப்பா” என்றார். அவ்வளவுதான். நைட்ரஜன் அந்த வீட்டுக்கு வரவில்லை.

எதிர்த்திசையில் ஒரு சோதனை

ஆர்வத்தை அணைத்துவிடக்கூடாது என்பதால் அவனுக்கு வேறொரு வேலை கொடுத்தேன். “மின்னழுத்தம் இருமடியாக வெப்பத்தைக் கூட்டும் என்றால், குறைத்தாலும் இருமடியாகத்தானே குறைய வேண்டும்? சோதித்துப் பார்” என்றேன். விசிறிகளை மீண்டும் பொருத்தினான். எந்தப் பற்றவைப்பும் இல்லை. மென்பொருளிலேயே 1.05 வோல்ட்டை ஒட்டி ஓடிய சில்லை 0.85 வோல்ட்டுக்குக் கொண்டுவந்தான். அலைவெண்ணை 1,900-இலிருந்து 1,800 மெகாஹெர்ட்ஸாகக் குறைத்தான். வேகத்தில் இழப்பு ஐந்து விழுக்காடுதான். விதியின்படி சில்லின் செலவு எவ்வளவு குறைய வேண்டும் என்று முதலில் கணக்கிடச் சொன்னேன். 0.62 மடங்கு என்று வந்தது. அளந்து பார்த்தபோது அட்டையின் மொத்தச் செலவு 320 வாட்டிலிருந்து 240 வாட்டை ஒட்டி இறங்கியிருந்தது. நினைவகத்தின் பங்கு மாறாமல் இருப்பதால் மொத்தம் அந்த அளவுக்குக் குறையவில்லை என்பதையும் அவனே கண்டுபிடித்தான். அறை குளிர்ந்தது, விசிறியின் இரைச்சலும் அடங்கியது.

எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது இந்தச் சோதனைதான். பனிக்கட்டியும் நீரேற்றியும் வைத்துப் பெற்ற வேகம் கால் மணி நேரம் நின்றது. மின்னழுத்தத்தைக் குறைத்துப் பெற்ற பயன் நாள்தோறும் நிற்கிறது. அந்த அட்டை இப்போது அவன் தங்கையின் கணினியில், அதே 0.85 வோல்ட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது.

திருக்குறளில் 48-ஆம் அதிகாரம் வலியறிதல். மென்மையான மயிற்பீலியே ஆனாலும் அளவின்றி ஏற்றினால் வண்டியின் அச்சு முறிந்துவிடும் என்று வள்ளுவர் அங்குதான் சொல்கிறார். ஐந்தாம் படிவத்துப் பையனுக்கு அதன் பொருளை நான் விளக்க வேண்டிய தேவையே ஏற்படவில்லை. அவன் குறிப்பேட்டிலேயே அது எண்களாக இருந்தது.

பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் சில சொற்கள்

1. பிள்ளை மிகைவேகமாக்கலில் ஈடுபட்டால் முதலில் குறிப்பேட்டைக் கேளுங்கள். குறிப்பெடுப்பவன் கற்கிறான். குறிப்பெடுக்காதவனை எடுக்கச் செய்யுங்கள்.

2. மென்பொருளின் வழியே, அட்டை அனுமதிக்கும் எல்லைக்குள் சிறிது சிறிதாக மாற்றுவதில் ஆபத்து குறைவு. கணினி உறைந்தால் அணைத்துத் திறக்கலாம். மின்தடைகளைப் பற்றவைப்பது வேறு தரம்; அங்கே தீப்பிடிக்கும் வாய்ப்பு உண்டு. உத்தரவாதமும் போய்விடும்.

3. மின்வழங்கிப் பெட்டியை எந்த நிலையிலும் திறக்க விடாதீர்கள். செருகியைப் பிடுங்கிய பிறகும் அதன் மின்தேக்கிகளில் உயிர்கொல்லும் அழுத்தம் தங்கியிருக்கலாம்.

4. பனிக்கட்டி, குளிர்நீர் எதுவானாலும் நம் நாட்டுக் காற்றில் வியர்வை உறுதி. மின்சாரம் ஓடும்போது அருகில் பெரியவர் ஒருவர் இருக்கட்டும்.

5. திரவ நைட்ரஜன், உலர்பனிக்கட்டி இரண்டும் வீட்டுக்குள் வேண்டா. உலர்பனிக்கட்டி கரியமில வளியாக மாறும். அதுவும் அடைத்த அறையில் நஞ்சு. பார்க்க ஆசைப்பட்டால் முறையாக நடத்தப்படும் கண்காட்சிகளுக்கு அழைத்துச் செல்லுங்கள்.

6. ஆசிரியர்களே, மின்சுற்று, வெப்பம், நீராவி நீராதல் ஆகிய பாடங்களுக்கு இதைவிட உயிருள்ள எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. கோலாட்டத்தையும் மைலோ ஐஸையும் தாராளமாகப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

இத்துறைக்கு நல்ல தமிழ்ச்சொற்கள் இன்னும் தேவைப்படுகின்றன. ‘பனிநிலை’, ‘மிகைவேகம்’ ஆகியவற்றைவிடச் சிறந்த சொற்கள் உங்களிடமோ உங்கள் மாணவர்களிடமோ இருந்தால் எழுதுங்கள். கூடிப் பேசித் தேர்ந்துகொள்வோம்.